பின் ஸஃப்: பள்ளிவாசலில் சிறுவர்களின் இடம் குறித்து

தராவீஹ் தொழுது வளர்ந்த எவருக்கும் இந்த வித்தை தெரியும். இமாம் தக்பீர் கட்டியதும் கடைசி வரிசைச் சிறுவர்கள் ஒவ்வொருவராக நழுவி, வெளிப்பள்ளித் தூண்களுக்கிடையே ஓடிப்பிடித்து விளையாடுவார்கள். காது மட்டும் உள்ளே இருக்கும். கிராஅத் முடிந்து ருகூவுக்கான தக்பீர் எழுந்ததும் பாய்ந்து வந்து வரிசையில் குனிந்துகொள்வார்கள். ருகூவை அடைந்தவர் அந்த ரக்அத்தை அடைந்தார் என்பது சட்டம். ஃபிக்ஹின் இந்த நுணுக்கத்தைப் பெரியவர்களைவிடப் பத்து வயதுக்காரர்கள் நன்றாகப் பயன்படுத்துவார்கள். ஸலாம் கொடுத்ததும் முன்வரிசையிலிருந்து ஒருவர் திரும்பி அதட்டுவார். மோதினார் எழுந்து வருவார். ஓடியவன் தப்பிவிட, ஓடாதவன் காது சிவக்கும். அப்படிச் சிவந்த காதுகளில் என்னுடையதும் ஒன்று.

சிறுவர்களைக் கடைசி ஸஃப்பில், அதாவது கடைசி வரிசையில், ஒன்றாகத் திரட்டி நிறுத்தும் வழக்கத்துக்கு ஆதாரம் என்ன, அதனால் விளைவது என்ன, அங்கே அவர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு யாருடையது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. தமிழ்நாட்டு மஹல்லா பள்ளிவாசல்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். பிற நாட்டுச் செய்திகள் ஒப்பீட்டுக்காக மட்டும் வரும்.

இரண்டு தரப்புகள்

ஒரு தரப்பு பள்ளியின் கண்ணியத்தைப் பேசுகிறது. ஏழு வயதுக்குக் குறைந்தவர்களை அழைத்து வராதீர்கள் என்று செருப்பு வைக்கும் இடத்தருகே அறிவிப்பு மாட்டுவது இத்தரப்பு. இதை ஒரேயடியாக ஒதுக்கிவிட முடியாது. சஜ்தாவில் கிடக்கும் தலைகளுக்கிடையே ஒரு பிள்ளை ஓடினால், நாற்காலியில் தொழும் முழங்கால் வலிக்காரருக்கு அது எரிச்சலோடு நிற்பதில்லை, அச்சமாகவும் ஆகிறது. நாள் முழுவதும் கடையில் நின்றவர் நிம்மதியாக இருக்க நினைத்து வரும் இருபது நிமிடம் அது.

மறுதரப்பு வரவேற்பைப் பேசுகிறது. பேரப்பிள்ளைகளை முதுகில் ஏற்றிக்கொண்ட நபிகள் நாயகத்தை (ஸல்) எடுத்துக்காட்டி, பின்வரிசையில் பிள்ளைகளின் சத்தம் கேட்காவிட்டால் அடுத்த தலைமுறையைப் பற்றிக் கவலைப்படுங்கள் என்ற வாசகத்தைக் கைப்பேசியில் சுற்றவிடுகிறது. துருக்கியில் சில பள்ளிவாசல்களில் விடுமுறைக் காலத்தில் தொடர்ந்து வந்து தொழுத சிறுவர்களுக்கு மிதிவண்டி பரிசளித்த செய்தி இங்கும் பலமுறை பகிரப்பட்டது. நல்லதுதான். ஆனால் இந்தத் தரப்பும் ஒன்றைக் கவனிக்கவில்லை. அந்த வாசகத்திலேயே பிள்ளைகள் நிற்பது பின்வரிசையில்தான். அதட்டுகிறவரும் அணைக்கிறவரும் சிறுவர்களின் இடம் அதுவே என்பதில் ஒத்துப்போகிறார்கள். அவர்களுக்குள் இருக்கும் தகராறு சத்தத்தைப் பொறுத்துக்கொள்வதா வேண்டாமா என்பது மட்டுமே.

இங்கே ஒரு சிறு குறிப்பு. ஜுமுஆ குத்பாவின்போது பக்கத்திலிருப்பவரிடம் வாயை மூடு என்று சொல்வதே வீண்பேச்சு ஆகும் என்கிற நபிமொழி புகாரியில் இருக்கிறது. குத்பா நடக்கையில் சிறுவர்களை உரக்க அதட்டும் பெரியவர் தம் ஜுமுஆவின் நன்மையைத் தாமே குறைத்துக்கொள்கிறார். அறிவிப்புப் பலகைகளில் இது இடம்பெற்று நான் பார்த்ததில்லை.

நபிமொழிகளில் சிறுவர்கள் எங்கே நிற்கிறார்கள்?

வழக்கமாக எடுத்துச் சொல்லப்படும் அறிவிப்புகளை, அவற்றில் பாசம் எங்கே என்று பாராமல், பிள்ளை எங்கே நிற்கிறது என்று பார்த்துப் படித்தால் வேறொரு சித்திரம் கிடைக்கிறது.

நபிகளாரின் மகள் ஸைனபின் குழந்தை உமாமா. மக்களுக்குத் தொழுகை நடத்தும்போதே நபிகளார் அக்குழந்தையைத் தோளில் வைத்திருந்தார், சஜ்தாவுக்குப் போகும்போது இறக்கிவிட்டு எழும்போது தூக்கிக்கொண்டார் என்று அபூ கதாதா அறிவிக்கிறார். ஹதீஸ் தொகுப்பாளர்களான புகாரியும் முஸ்லிமும் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். பள்ளிவாசலின் ஆக முன்னால், இமாமின் இடத்தில், ஒரு பெண் குழந்தை. நஸாயீயில் வரும் ஷத்தாதின் அறிவிப்பில் பேரன் சஜ்தாவில் முதுகில் ஏறிக்கொள்ள, சஜ்தா நீள்கிறது. ஏதோ நேர்ந்துவிட்டது என்று பின்னால் இருப்பவர்கள் அஞ்சுகிறார்கள். பிள்ளை ஆசை தீர இறங்கட்டும் என்று காத்திருந்ததாக விளக்கம் வருகிறது. அந்தப் பேரனும் இமாமின் இடத்தில்தான் இருந்தான்.

நபித்தோழர் அனஸின் வீட்டில் நபிகளார் தொழுவித்தபோது அனஸும் ஓர் அநாதைச் சிறுவனும் அவருக்குப் பின்னால் ஒரே வரிசையில் நின்றார்கள். அவ்வீட்டு மூதாட்டி அவர்களுக்குப் பின்னால் நின்றார். பருவத்தை நெருங்கிக்கொண்டிருந்த இளம் நபித்தோழர் இப்னு அப்பாஸ் மினாவில் பெண் கழுதையில் வந்து, ஸஃப்பின் ஒரு பகுதிக்கு முன்னால் கடந்து, அதை மேயவிட்டு வரிசையில் சேர்ந்துகொண்டார். யாரும் அதற்காகத் தன்னைக் கண்டிக்கவில்லை என்று அவரே சொல்கிறார். ஒரு விடலைப் பையன் தொழுகை வரிசைக்கு முன்னால் கழுதை ஓட்டி வந்தால் நம் பள்ளிகளில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

இதே இப்னு அப்பாஸின் இன்னோர் அனுபவம் காது திருகும் மரபுக்கே தொடர்புடையது. சிற்றன்னை மைமூனாவின் வீட்டில் தங்கிய இரவில், தொழுதுகொண்டிருந்த நபிகளாரின் இடப்பக்கம் போய் நின்றார் அந்தச் சிறுவர். நபிகளார் அவர் தலையில் கை வைத்து, வலக் காதைப் பிடித்துத் திருகி வலப்பக்கத்துக்குக் கொண்டுவந்தார். முஸ்லிமின் ஓர் அறிவிப்பில், தூக்கம் கண்ணைச் சுழற்றும்போதெல்லாம் காது மடலைப் பிடித்தார் என்று வருகிறது. காது பிடிக்கப்பட்டது உண்மை. ஆனால் பின்னால் அனுப்ப அல்ல, பக்கத்தில் நிறுத்திக்கொள்ள.

எதிர்ச் சான்றுகளையும் மறைக்கக் கூடாது. அபூ மாலிக் அல்அஷ்அரீயின் அறிவிப்பு ஆண்களை முதலிலும் சிறுவர்களை அவர்களுக்குப் பின்னும் வரிசைப்படுத்துகிறது. அபூதாவூதில் இருக்கும் அதன் அறிவிப்பாளர் தொடரில் ஷஹ்ர் இப்னு ஹவ்ஷப் வருகிறார். அவரது நம்பகத்தன்மை பற்றி ஹதீஸ் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அறிவும் முதிர்ச்சியும் உள்ளவர்கள் எனக்கு அடுத்து நிற்கட்டும் என்னும் கருத்துள்ள முஸ்லிமின் ஹதீஸ் வலுவானது. ஆனால் அது இமாமுக்கு நேர் பின்னால் நிற்க வேண்டியவர்கள் யார் என்று சொல்கிறதே தவிர, இருபதாவது வரிசையில் யாரை ஒதுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. நஸாயீயின் இன்னோர் அறிவிப்பு எனக்குச் சங்கடமானது. முதல் வரிசையில் நின்ற கைஸ் என்னும் இளைஞரை ஒருவர் பின்னுக்கு இழுத்துவிட்டு அவ்விடத்தில் நிற்கிறார். இழுத்தவர் உபை இப்னு கஅப், பெரும் நபித்தோழர். முன்வரிசையிலிருந்து இளையவர்களை நகர்த்துவோருக்கு இதுவே கைவாள். அந்த அறிவிப்பின் பின்பாதியை அவர்கள் சொல்வதில்லை. தொழுகை முடிந்ததும் உபை திரும்பி, மனம் நோக வேண்டாம் என்று கைஸிடம் காரணத்தை விளக்குகிறார். பள்ளிவாசலில் விளையாடும் சிறுவர்களைக் கலீஃபா உமர் சாட்டையால் அடிப்பார் என்று தம் குர்ஆன் விரிவுரையில் இப்னு கஸீர் குறித்திருப்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். அது விளையாட்டைப் பற்றியது; நிற்கும் இடத்தைப் பற்றியது அல்ல.

குழந்தைகளையும் பித்தர்களையும் பள்ளிவாசலை விட்டுத் தள்ளி வையுங்கள் என்ற பொருளில் இப்னு மாஜாவில் வரும் அறிவிப்பைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அதன் தொடரிலுள்ள ஹாரிஸ் இப்னு நப்ஹான் பலவீனமானவர் என்பது அத்துறையினரின் முடிவு. ஆனாலும் நம்மூர்களில் மிகுதியாக வாய்வழி உலவுவது இதுதான்.

மத்ஹபுகளின் கணக்கு

தமிழகக் கடற்கரை ஊர்களான காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் ஆகியவற்றில் ஷாஃபிஈ மத்ஹபும், ராவுத்தர்கள் மிகுந்த உள்நாட்டு ஊர்களில் ஹனஃபீ மத்ஹபும் வழக்கில் உள்ளன. ஆமீனை உரக்கச் சொல்வதா மெல்லச் சொல்வதா என்பது ஊருக்கு ஊர் வேறுபடும். உரக்கச் சொல்லும் ஊர்களில் அதைக் கூரை அதிரச் சொல்வது சிறுவர்களே. பின் ஸஃப் மட்டும் இரண்டு வகை ஊர்களுக்கும் பொது.

இரு மத்ஹபுகளிலும் ஆண்களுக்குப் பின் சிறுவர்கள் என்பதே முதன்மைக் கருத்து. இதை மறுப்பதற்கில்லை. ஆனால் நூல்களைத் திறந்தால் நடைமுறை இவ்வளவு இறுக்கமாக இருக்கத் தேவையில்லை என்று தெரிகிறது. சிறுவன் ஒருவனே இருந்தால் ஆண்களின் வரிசையிலேயே நிற்பான் என்கின்றன இரண்டும். முன்வரிசைக்கு முந்தி வந்துவிட்ட சிறுவர்களைப் பிந்தி வந்த பெரியவர்களுக்காகப் பின்னுக்குத் தள்ளக் கூடாது என்பது ஷாஃபிஈ நூல்களின் தெளிவான சட்டம். கீழக்கரையிலும் காயலிலும் இது எத்தனை முறை மீறப்பட்டிருக்கும்! 13ஆம் நூற்றாண்டின் நவவீ தம் மஜ்மூஇல் இன்னொரு கருத்தையும் பதிவு செய்கிறார். ஒவ்வொரு இரண்டு ஆண்களுக்கிடையிலும் ஒரு சிறுவனை நிறுத்துவது, அவர்களைப் பார்த்துத் தொழுகையைக் கற்றுக்கொள்ளட்டும் என்பதற்காக. அதை அவர் ஏற்கவில்லை, சிறுபான்மைக் கருத்தாகவே தருகிறார். ஆயினும் இது நவீனக் கல்வியியலாளரின் யோசனை அல்ல. எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைக்கப்பட்ட ஒரு ஷாஃபிஈ கருத்து என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஹனஃபீ தரப்பில் கடுமை கூடுதல். அசுத்தம் செய்துவிடும் என்ற எண்ணம் மேலோங்கினால் குழந்தையை உள்ளே கொண்டுவருவது ஹராம், இல்லையேல் மக்ரூஹ் என்கிறது துர்ருல் முக்தார். ஆனால் அந்நூலுக்கு டமாஸ்கஸின் இப்னு ஆபிதீன் எழுதிய புகழ்பெற்ற உரைக்குக் குறிப்புகள் எழுதிய எகிப்தில் வாழ்ந்த அப்துல் காதிர் அர்ராஃபிஈ (மறைவு 1905), ரஹ்மதீ என்ற அறிஞரின் கருத்தை எடுத்தெழுதுகிறார். நம் காலத்தில் சிறுவர்களை ஆண்களின் வரிசைகளுக்குள் கலந்து நிறுத்துவதே தேவையாகக்கூடும். ஏனெனில் இரண்டு மூன்று பேர் ஒன்றுசேர்ந்தால் ஒருவரால் ஒருவர் தொழுகை கெடுகிறது, சில வேளை பெரியவர்களின் தொழுகையும் கெடுகிறது என்பது அதன் சாரம்.

இக்கட்டுரையின் மையத்தை இதைவிடத் தெளிவாகச் சொல்ல எனக்குத் தெரியாது. சிறுவர்கள் சத்தம் போடுவதால் பின்னால் நிறுத்துகிறோம் என்று நினைக்கிறோம். பின்னால் ஒன்றாக நிறுத்துவதால்தான் பெரும்பாலான சத்தமே பிறக்கிறது. ஒருவன் முழங்கையால் இடிக்கிறான், அடுத்தவன் சிரிப்பை அடக்குகிறான், அடக்கிய சிரிப்பு மூக்கு வழியே வெடித்து வரிசை முழுக்கப் பரவுகிறது. இந்தச் சங்கிலியில் இடையிடையே ஒரு பெரியவர் நின்றால் சிரிப்பு மூன்றாவது ஆளைத் தாண்டாது. தொழுகையில் வாய்விட்டுச் சிரித்தால் பருவம் எய்தியவரின் ஒளுவும் முறியும், சிறுவனுக்கு ஒளு முறியாது என்று ஹனஃபீ சட்டம் வகுத்திருப்பது, பிள்ளைகள் சிரிப்பார்கள் என்பதை அந்தச் சட்டவியலாளர்கள் அறிந்தே இருந்தார்கள் என்று காட்டுகிறது.

மாலிகீ மத்ஹபு நம் ஊர்களில் இல்லை. ஆனால் இமாம் மாலிக்கிடம் கேட்கப்பட்டபோது அவர் வைத்த அளவுகோல் வயதைப் பேசவில்லை. வீண் விளையாட்டு ஆடாத, தடுத்தால் அடங்குகிற பிள்ளையை அழைத்து வருவதில் தவறில்லை என்றார். அறிவிப்புப் பலகையில் வயதை எழுதுவது எளிது. தடுத்தால் அடங்குமா என்று தெரிய அந்தப் பிள்ளையை யாராவது அறிந்திருக்க வேண்டும்.

தாய்மார் இல்லாத இடம்

குழந்தை அழும் ஹதீஸை நம் பள்ளிகளில் அடிக்கடி சொல்கிறார்கள். தொழுகையை நீட்ட எண்ணிய நபிகளார், குழந்தை அழும் சத்தம் கேட்டு, அதன் தாய்க்கு ஏற்படும் தவிப்பை எண்ணிச் சுருக்கிக்கொண்டார். இஷா தாமதமான ஓர் இரவில், பெண்களும் குழந்தைகளும் தூங்கிவிட்டார்கள் என்று உமர் குரல் கொடுத்ததும் பதிவாகியிருக்கிறது. இரண்டு அறிவிப்புகளிலும் குழந்தை தனியாக இல்லை. தாய் அதே கூரையின் கீழ் இருக்கிறாள். தமிழகத்தின் பெரும்பாலான பாரம்பரியப் பள்ளிவாசல்களில் அந்தத் தாய்க்கு இடமில்லை. தாய்மாரை வெளியே நிறுத்திவிட்டு, தாய்க்காகச் சுருக்கப்பட்ட தொழுகையை மிம்பரில் நின்று புகழ்வதில் உள்ள முரணை நாம் உணர்வதில்லை.

விதிவிலக்குகள் உண்டு. காயல்பட்டினத்தில் பெண்களுக்கெனவே தைக்காக்கள் இருக்கின்றன. ரமலான் இரவுகளில் அங்கே கைக்குழந்தைகளும் இருப்பார்கள், தொழுகையும் நடக்கும். தவ்ஹீத் அமைப்புகளின் பள்ளிகளில் பெண்கள் பகுதி வழக்கமாகிவிட்டது. மற்ற இடங்களில் தகப்பனோடு வருகிற பெண்பிள்ளை எட்டு ஒன்பது வயதில் ஒரு நாள் வராமல் போகிறாள். யாரும் அவளைத் தடுத்ததாக நினைவில்லை, யாரும் ஏன் என்று கேட்டதாகவும் நினைவில்லை. பையன்களின் சத்தத்தைப் பற்றி இத்தனை விவாதிக்கும் நாம் அவளது மௌனத்தைப் பற்றிப் பேசாதது, ஆய்வுக்குரிய தனிப்பொருள்.

பிள்ளைகள் உண்மையில் உரிமையோடு வருவது தொழுகைக்கு அல்ல, அஸர் நேரத்துக் கஞ்சிக்கு. ரமலானில் தூக்குச்சட்டியோடு நோன்புக் கஞ்சிக்கு வரிசையில் நிற்கும்போது ஆண், பெண், முஸ்லிம், அண்டைவீட்டு இந்துப் பிள்ளை என்ற கணக்கு இல்லை. மௌலிது ஓதி முடியும் இரவில், அங்கே பகிரப்படும் நார்சாவுக்காக விழித்திருப்பதும் அப்படியே. பள்ளிவாசல் மீது பிள்ளைகளுக்குப் பற்று வருவதில் கஞ்சிக்கும் நார்சாவுக்கும் உள்ள பங்கை எந்தப் பயானும் ஈடுசெய்யாது.

பார்ப்பது யார்?

கண்காணிப்பு என்று பேசத் தொடங்கினால் எல்லோர் விரலும் மோதினாரை நோக்கி நீளும். பாங்கு சொல்வது, ஹவுளைக் கழுவுவது, பாய் விரிப்பது, மையத்து வந்தால் குளிப்பாட்டுவது, சந்தா வசூலிப்பது என்று அவருக்கு வேலை நிறைய, சம்பளம் குறைவு. தமிழ்நாடு அரசு 2009இல் உலமாக்களுக்கும் பணியாளர்களுக்கும் ஒரு நல வாரியம் அமைக்க வேண்டி வந்ததே இந்த வருமான நிலையைச் சொல்லும். ஊர்ப் பிள்ளைகள் ஐம்பது பேரை அடக்கும் வேலையையும் எழுதப்படாத ஒப்பந்தமாக அவர் தலையில் ஏற்றிவிட்டு, அவர் கையோங்கினால் கடிந்துகொள்கிறோம். தொழுகை நேரத்தில் அவரும் தொழ வேண்டியவர் என்பதும் மறந்துபோகிறது. அந்த நேரத்துக்குப் பெரியவர்களை இடையிடையே நிறுத்துவதைத் தவிர வேறு கண்காணிப்பு சாத்தியமில்லை.

பிள்ளைகள் குர்ஆன் ஓதக் கற்கும் ஓதுபள்ளியின் நிலை வேறு. மாலையில் ஒன்றிரண்டு மணி நேரம், உஸ்தாதின் பொறுப்பில், பெற்றோர் இல்லாமல், பிள்ளைகள் இருக்கும் நேரம் அது. முன்பு இது வெளிப்பள்ளியில் நடந்தது. தூண்களுக்கு அப்பால் தெரு தெரியும், தெருவில் போகிறவருக்கும் பிள்ளைகள் தெரிவார்கள். ஓதும் சத்தம் நின்றால் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார். எந்தக் கொள்கை ஆவணமும் இல்லாத காலத்தில் அந்தத் திறந்த திண்ணையே பாதுகாப்பாக இருந்தது. வசதி பெருகியதும் பல இடங்களில் வகுப்பு மாடி அறைக்குப் போய்விட்டது, கதவும் வந்துவிட்டது. இந்த இடமாற்றத்தை வளர்ச்சியாக மட்டுமே பார்க்கிறோம்.

சட்டம் இதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், சமய நிறுவனத்தின் நிர்வாகத்திலோ பணியிலோ இருப்பவர் அங்குள்ள குழந்தைக்கு இழைக்கும் பாலியல் குற்றத்தைக் கூடுதல் தண்டனைக்குரிய வகையில் வைக்கிறது. குற்றம் நடந்ததாகத் தெரியவரும் எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும் என்பது 19ஆம் பிரிவு. தமக்குக் கீழ் பணிபுரிபவரின் குற்றத்தைத் தெரிவிக்கத் தவறும் நிறுவனப் பொறுப்பாளருக்கு 21ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை. முத்தவல்லியும் ஜமாஅத் தலைவரும் இதற்குள் வருவார்கள். ஊர்ப் பஞ்சாயத்தில் முடித்துக்கொள்வது, உஸ்தாதை இரவோடு இரவாக வேறூருக்கு அனுப்பிவிடுவது என்ற வழிகள் சட்டப்படி குற்றமே. அனுப்பப்பட்டவர் போய்ச் சேரும் ஊரிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இது ஒரு சமயத்தின் சிக்கல் அல்ல. இங்கிலாந்து, வேல்ஸில் 38 சமய அமைப்புகளை ஆராய்ந்து 2021 செப்டம்பரில் வெளிவந்த பொது விசாரணை அறிக்கை, கிறித்தவம், இஸ்லாம், யூதம், இந்து சமயம் என்று பலவற்றிலும் ஒரே தடைகளைக் கண்டது: சமூகத்தின் மானம் போய்விடும் என்ற அச்சம், சமயத் தலைவர்மீது கேள்வியற்ற நம்பிக்கை, வெளி அமைப்புகள்மீது ஐயம். இவற்றைப் படிக்கும் தமிழ் வாசகருக்குத் தம் ஊர் நினைவுக்கு வராமல் இருக்காது. சிங்கப்பூரில் இஸ்லாமியச் சமய ஆசிரியர்களுக்கான அங்கீகாரத் திட்டம் 2005இல் விருப்பத்தின் பேரில் தொடங்கி 2017இல் கட்டாயமானது. அத்திட்டத்தின் முதன்மை நோக்கம் குழந்தைப் பாதுகாப்பு அல்ல. ஆனாலும் யார் கற்பிக்கிறார் என்பது ஒரு பதிவேட்டில் இருப்பதே ஒரு தொடக்கம். நம்மூரில் உஸ்தாதை நியமிக்கும்போது அவரது கிராஅத்தைக் கேட்கிறோம். முன்பு வேலை பார்த்த ஊருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போவதில்லை.

ஓதுபள்ளிக்குத் தேவையானவை இவ்வளவே: எட்டிப் பார்க்க முடிகிற அறை, கதவைத் திறந்துவைத்து நடத்தும் வகுப்பு, இன்னொரு பெரியவரின் இருப்பு, 1098 என்ற குழந்தைகள் உதவி எண் சிறுவர்களின் கண்ணில் படும் உயரத்தில். செலவு என்று பார்த்தால் ஒரு மின்விசிறிக்கு ஆகும் அளவுகூட இல்லை. இதைச் சொன்னால் உஸ்தாதை அவமதிப்பதாக முகம் சுளிப்பவர்கள் உண்டு. உண்மையில் பொய்ப் பழியிலிருந்து அவரைக் காப்பதும் இந்தத் திறந்த கதவுதான்.

தகப்பன் ஊரில் இல்லாதவன்

பிள்ளையைத் தகப்பன் பக்கத்தில் நிறுத்துங்கள் என்று சொல்லி இக்கட்டுரையை எளிதாக முடித்திருக்கலாம். கடற்கரை ஊர்களில் அது பாதிப் பிள்ளைகளுக்குப் பயன்படாது. தகப்பன் சபராளி, துபாயிலோ ரியாதிலோ இருக்கிறார், வருடத்துக்கு ஒரு மாதம் வருகிறார். பின் ஸஃப்பில் அதிகம் சத்தம் போடும் பையன்களின் பட்டியலை எந்த மோதினாரிடம் கேட்டாலும், இந்த வீட்டுப் பிள்ளைகளே அதில் கூடுதல் என்பார். அடக்க ஆள் இல்லை என்று அதற்கு விளக்கமும் சொல்வார். பக்கத்தில் நிற்க ஆள் இல்லை என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அனஸின் பக்கத்தில் நின்ற அந்தச் சிறுவனுக்கும் தகப்பன் இல்லை. இடம் காட்டி நிறுத்த மட்டும் ஆள் இருந்தது. வெள்ளிக்கிழமை ஜுமுஆ முடிந்து கைப்பேசியில் அழைக்கும் தகப்பன், தொழுதியா என்று மகனிடம் தவறாமல் கேட்கிறார். யார் பக்கத்தில் நின்றாய் என்று அவர் கேட்டால், ஊரில் ஒரு பெரியவரின் பெயரைச் சொல்ல அவனால் முடியுமா என்பதை ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் கூட்டத்தில் ஒருமுறை எடுத்துப் பேசிப் பார்க்கலாம்.